மஞ்சள் பட்டால் சிவக்கும் ரகசியம்: வாசகர் கேள்வி-பதில்

ரகசிய எழுத்து, ஒளித்து வைத்த கேமரா, சங்கேத மொழி, பின்தொடர்பவரைக் கண்டுகொள்வது என்று துப்பறியும் வேலைகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். செய்து பார்க்கும்போது எங்கே பிசகுகிறது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எலுமிச்சைச் சாற்றால் எழுதி, காய்ந்ததும் அயர்ன் பாக்ஸ் வைத்தேன். தாள் முழுக்கப் பழுப்பாகிவிட்டது, எழுத்தே தெரியவில்லை. என்ன தப்பு?
– எட்டாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

சூடு அதிகமாகிவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையும் அமிலமும் தாளைவிடக் கொஞ்சம் முன்னதாகக் கருகும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் எழுத்தைப் பிடித்துவிட வேண்டும். சூடு கூடினால் தாளும் சேர்ந்து கருகி, எழுத்து அதற்குள் மறைந்துவிடும்.

அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து துணியில் வடிகட்டுங்கள். சக்கை கலந்தால் காய்ந்த பிறகு திட்டுத்திட்டாகத் தெரியும். ஒரு ஸ்பூன் சாற்றுக்கு அரை ஸ்பூன் தண்ணீர். காது குடையும் பஞ்சுக் குச்சியாலோ முனை மழுங்கிய பல்குச்சியாலோ எழுதலாம். பேனா நிப் வேண்டாம். நிப் தாளின் நாரைக் கீறிவிடும், விளக்கில் சாய்த்துப் பார்த்தாலே கோடு தெரிந்துவிடும். சாற்றை அள்ளி அள்ளிப் பூசினால் தாள் நெளிந்து காட்டிக்கொடுக்கும். மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் காயட்டும்.

அயர்ன் பாக்ஸில் ஆவி வரும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஈரம் பட்டால் எழுத்து கலங்கும். சூட்டை நடுவில் வைத்து, தாளின் மேலும் கீழும் பழைய பருத்தித் துணி போட்டு, ஐந்து விநாடி அழுத்துங்கள். எடுத்துப் பாருங்கள், திரும்ப ஐந்து விநாடி. எழுத்து முதலில் வெளிர் மஞ்சளாக வரும், பிறகு டீ நிறத்துக்குப் போகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். மெழுகுவர்த்தியில் காட்டவே கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வெற்றுத் தாளை யார் பார்த்தாலும் சந்தேகம் வரும். அதனால் முதலில் ரகசியத்தை எழுதிக் காயவைத்து, அதன் மேல் குறுக்காகப் பால்பாயிண்ட் பேனாவால் சாதாரணக் கடிதம் ஒன்றை எழுதுங்கள். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காக வேவு பார்த்த கார்ல் முல்லர் இங்கிலாந்திலிருந்து இப்படித்தான் எழுதினார். தபால் தணிக்கையில் கடிதம் சூட்டில் காட்டப்பட்டது. அவரிடமிருந்த எலுமிச்சம்பழமே சாட்சியானது. 1915 ஜூனில் லண்டன் டவரில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லோருக்கும் தெரிந்த மை ரகசிய மை ஆகாது. விளையாட்டுக்கு மட்டும்தான்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். சூடு, நெருப்பு இல்லாமல் மறை எழுத்துச் செய்து காட்ட வழி உண்டா?
– அறிவியல் ஆசிரியை, தென்காசி

இருக்கிறது. நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் செக்கச் சிவந்துபோகிறதே, அதே வேதியியல்தான். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அமிலத்திலும் வெறும் தண்ணீரிலும் மஞ்சளாக இருக்கும், காரம் பட்டால் சிவக்கும். சாம்பார்க் கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பாகிப் பயமுறுத்துவதும் இதனால்தான்.

மைக்கு: ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவை மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கி, ஐந்து நிமிடம் தெளியவிட்டு, மேலே இருக்கும் தெளிவை மட்டும் எடுங்கள். அடிமண்டியோடு எழுதினால் காய்ந்ததும் வெள்ளைப் பொடியாக மினுங்கும், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எழுத்தை வரவழைக்க: அரை டீஸ்பூன் மஞ்சள்தூளை ஆறு டீஸ்பூன் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் வையுங்கள். தூள் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் பொன்னிறத் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தாளில் ஒரே இழுப்பாகத் தடவுங்கள். தாள் மஞ்சளாகும், எழுத்து செம்பழுப்பாக எழும். தண்ணீரில் கரைத்தால் சரியாக வராது. குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். தண்ணீரில் கரைத்த மஞ்சள், சோடா எழுத்தையும் கரைத்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் பொருள். ஜன்னலைத் திறந்து வைத்து, பாட்டிலை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பசோடா மென்மையான காரம் என்பதால் நிறம் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். சலவைச் சோடா நல்ல சிவப்பைத் தரும், ஆனால் கையைக் கடிக்கும். அதை நீங்களே கையுறையோடு செய்து காட்டுங்கள். சுண்ணாம்புத் தெளிவும் நன்றாகச் சிவக்கும். ஆனால் கண்ணில் தெறித்தால் ஆபத்து, அதனால் பிள்ளைகள் கையில் வேண்டாம். அதோடு, சுண்ணாம்பால் எழுதிச் சில நாள் வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு அதைச் சாக்குக்கல்லாக (கால்சியம் கார்பனேட்) மாற்றிவிடும், பிறகு மஞ்சள் தடவினாலும் பளிச்சென்று வராது. சில ஏ4 தாள்களில் சாக்குப்பொடி கலந்திருக்கும். அவற்றில் பின்னணியே லேசாக ஆரஞ்சு தட்டும். மலிவான கோடு போட்ட நோட்டுத் தாளையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

வகுப்பு கைதட்டப்போவது இதற்குத்தான்: எழுத்தைப் படித்து முடித்ததும் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் தடவுங்கள். சின்னச் சின்னக் குமிழ் வரும், சிவப்பு திரும்ப மஞ்சளாகி எழுத்து மறைந்துவிடும். சீருடையில் மஞ்சள் சிந்தினால் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், வெளிறிவிடும்.

சோறு வடித்த கஞ்சியால் எழுதி டிங்சர் அயோடின் தடவினேன். தாள் முழுக்க நீலமாகிவிட்டது.
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

உங்கள் தாளிலேயே மாவுச்சத்து பூசியிருக்கிறது. மை பரவாமல் இருக்க அச்சுத்தாள்களுக்கு அப்படிப் பூசுவார்கள். வேதியியல் ஆய்வகத்து வடிதாளில் செய்யுங்கள். தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் வைத்துப் பாருங்கள். நீலம் வராவிட்டால் அந்தத் தாள் உதவும். அயோடினையும் ஒன்றுக்குப் பத்து என்று தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் போனால் லாட்ஜில் தங்க வேண்டியிருக்கிறது. அறையில் ஒளிகேமரா இருக்கிறதா என்று ஆப் வைத்துப் பார்க்கலாமா?
– விற்பனைப் பிரதிநிதி, ஈரோடு

ஆப்பை நம்ப வேண்டாம். காந்தப்புலத்தை வைத்துத் தேடும் ஆப்கள் சுவரில் இருக்கும் இரும்பு ஆணிக்கும் கத்தும். வைஃபையில் தேடும் ஆப்கள், மெமரி கார்டில் பதிவுசெய்யும் கேமராவைக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்ணும் ஒரு டார்ச்சும் போதும்.

முதலில், கேமரா வைக்க நினைப்பவன் இடத்தில் நின்று யோசியுங்கள். அவனுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, கட்டிலையோ குளியலறையையோ நேராகப் பார்க்கும் இடம். மற்றொன்று மின்சாரம். பேட்டரியில் ஓடும் சின்னக் கேமரா சில மணி நேரத்தில் அணைந்துவிடும் என்பதால், நாள்கணக்கில் ஓட வேண்டியவற்றை மின்சாரம் வரும் பொருளுக்குள் வைப்பார்கள். சார்ஜர் அடாப்டர், சுவர்க் கடிகாரம், எக்ஸ்டென்ஷன் பெட்டி, செட்டாப் பாக்ஸ், புகை உணரும் கருவி, கீஸர் சுவிட்ச் பலகை ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வராந்தாவில் புகை உணரும் கருவியே இல்லாத லாட்ஜில், அறைக்குள் மட்டும் கட்டிலுக்கு நேரே ஒன்று இருந்தால் நின்று கவனியுங்கள். யாரும் சொருகச் சொல்லாத சார்ஜர் சொருகியிருந்தாலும் அப்படித்தான்.

பிறகு திரையை இழுத்துவிட்டு எல்லா விளக்கையும் அணையுங்கள். போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டில் ஒட்டினாற்போல் பிடியுங்கள். இந்த இடம் முக்கியம். லென்ஸ் வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும், டார்ச்சை இடுப்பில் பிடித்தால் அந்த ஒளி உங்கள் கண்ணுக்கு வராது. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று, ஒரு சுவரை மேலிருந்து கீழாக மெதுவாக வருடுங்கள். லென்ஸ் இருந்தால் ஊசிமுனை அளவில் நீலமாகவோ ஊதாவாகவோ ஒரு புள்ளி மினுங்கும். தலையைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ தலை, பெயிண்ட் மினுக்கம் என்றால் பளபளப்பு நகரும், உருவம் மாறும். லென்ஸ் புள்ளி ஒரே துளைக்குள் நிற்கும். அவசரப்பட்டால் தவறவிடுவீர்கள். ஒரு சுவருக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.

இருட்டில் படம் பிடிக்கும் கேமராவில் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். அதைப் போன் கேமரா பார்க்கும், ஆனால் எல்லாப் போனும் பார்க்காது. டிவி ரிமோட்டை போனுக்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒளி தெரிந்தால் அந்தக் கேமரா உதவும். பின் கேமராவில் தெரியாவிட்டாலும் முன் கேமராவில் தெரியலாம்.

கிடைத்துவிட்டால் பிடுங்காதீர்கள். அதில் கைரேகை இருக்கும், உள்ளே கார்டில் பதிவு இருக்கும். மேலே துண்டைப் போட்டு மூடுங்கள். அறை எண் தெரியும்படி கதவிலிருந்து தொடங்கி அந்தப் பொருள்வரை ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டு வெளியே வந்து 112-ஐ அழையுங்கள். ரிசப்ஷனில் முதலில் சொன்னால், போலீஸ் வருவதற்குள் பொருள் காணாமல் போகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் இதற்கு மூன்றாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவும் சேரும்.

உடை மாற்றும் அறைக் கண்ணாடியில் விரல் நகத்தை வைத்து, நகத்துக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இல்லையென்றால் அது பின்னாலிருந்து பார்க்கும் கண்ணாடி என்கிறார்களே?
– வாசகி, புதுச்சேரி

வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். பாதரசப் பூச்சு என்று நாம் சொல்லும் பளபளப்புப் பூச்சு கண்ணாடியின் முன்பக்கம் இருக்கிறதா பின்பக்கம் இருக்கிறதா என்பதை மட்டும்தான் நகம் சொல்லும். வேவுக் கண்ணாடியிலும் பூச்சைப் பின்பக்கம் வைக்கலாம். அப்போது இடைவெளி தெரியும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள்.

அந்தக் கண்ணாடி வேலை செய்வதே வெளிச்ச வித்தியாசத்தால். உங்கள் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் இருட்டு. அதை மாற்றினால் குட்டு உடைந்துவிடும். விளக்கை அணைத்து, போன் டார்ச்சைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்து, இரண்டு கையையும் கண்ணைச் சுற்றிக் குவித்துப் பாருங்கள். பின்னால் அறை இருந்தால் மங்கலாகத் தெரியும். கண்ணாடி மாட்டியிருக்கிறதா, ஜன்னல் போலச் சுவருக்குள் பதித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆணியில் மாட்டிய கண்ணாடிக்குப் பின்னால் சுவர்தான் இருக்கும்.

கணவரின் போனில் வரும் மெசேஜை அவருக்குத் தெரியாமல் பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.
– பெயர், ஊர் வேண்டாம்

சொல்ல மாட்டோம் அம்மா. அது சட்டப்படி குற்றம். அதைவிட, அதில் கிடைப்பது எதுவானாலும் உங்கள் மனம் ஆறப்போவதில்லை. நேராகக் கேட்கப் பயமாக இருக்கிறதென்றால், அந்தப் பயத்தைப் பற்றி 181 பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள். உங்கள் போனை யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பின் மெனுவில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற இடத்தைத் திறந்தால், உங்கள் கணக்கு வேறு எந்தக் கணினியில் திறந்திருக்கிறது, கடைசியாக எப்போது பயன்பட்டது என்று காட்டும். தெரியாதது இருந்தால் அதைத் தொட்டு ‘லாக் அவுட்’ கொடுங்கள். பிறகு போனின் பின் நம்பரையும் மாற்றுங்கள்.

தமிழிலேயே சங்கேத எழுத்து உருவாக்க முடியுமா? ஆங்கிலத்தில் ஏ-க்குப் பதில் டி என்று எழுதுவதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.
– பள்ளி ஆசிரியர், சிவகங்கை

முடியும். அதற்கென்றே அமைந்ததுபோல நம் மெய்யெழுத்துகள் பதினெட்டு. சரிபாதியாக மடித்தால் ஒன்பது ஜோடி வரும்: க-ன, ங-ற, ச-ள, ஞ-ழ, ட-வ, ண-ல, த-ர, ந-ய, ப-ம. ஒவ்வொரு மெய்க்கும் அதன் ஜோடியைப் போட்டு, கால், கொம்பு, சுழி எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுங்கள். உயிரெழுத்தையும் ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்தையும் தொட வேண்டாம். ‘நாளை மாலை கடற்கரை வா’ என்பது ‘யாசை பாணை னவங்னதை டா’ ஆகும். திரும்பப் படிக்கவும் அதே ஜோடிதான், தனிச் சாவி வேண்டாம்.

ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு இதை உடைக்க ஒரு மாலைப்பொழுது போதும். எப்படி உடைப்பார் என்று தெரிந்துகொண்டால்தான் உங்கள் சங்கேதம் பலப்படும். முதல் துப்பு சொல்லின் முதலெழுத்து. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கண வகுப்பில் படித்ததுதான். ‘னவங்னதை’ என்று தொடங்கியவுடனே இது மாற்றெழுத்து என்பது வெளிச்சமாகிவிடும். இரண்டாவது, இரட்டிக்கும் மெய். க்க, த்த, ப்ப, ட்ட இல்லாமல் இரண்டு வரி தமிழ் எழுத முடியாது. இங்கே ‘த்த’ என்பது ‘ர்ர’ ஆகிறது. ‘ர்ர’ எந்தத் தமிழ்ச் சொல்லில் இருக்கிறது? மூன்றாவது, இனவெழுத்து. ந்த, ம்ப, ண்ட, ங்க ஆகியவை விடாமல் ஒட்டிக்கொண்டே வரும். ‘நடந்த’ என்பது ‘யவய்ர’ ஆகிறது. ‘ய்ர’ பத்து இடத்தில் வந்தால், அது ‘ந்த’ என்று ஊகித்து இரண்டு எழுத்தை ஒரே அடியில் பிடித்துவிடலாம். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சங்கேதத்தை உடைக்கும் முறையை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாத் அறிஞர் அல்-கிந்தி எழுதிவைத்தார். தமிழில் அதற்கு இலக்கணமும் கைகொடுக்கிறது.

அதனால் அடுத்த படிக்குப் போங்கள். உங்களுக்கும் நண்பருக்கும் மட்டும் தெரிந்த ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக 4-1-7. க முதல் ன வரை வரிசையாக 1 முதல் 18. முதல் மெய்யை நான்கு தள்ளுங்கள், இரண்டாவதை ஒன்று, மூன்றாவதை ஏழு, நான்காவதைத் திரும்ப நான்கு. ன தாண்டினால் க-வுக்குத் திரும்புங்கள். ‘மாலை’யில் ம பத்தாவது, நான்கு சேர்த்தால் பதினான்காவது எழுத்தான வ. ல பதின்மூன்றாவது, ஒன்று சேர்த்தால் அதுவும் வ. ஆக ‘மாலை’ என்பது ‘வாவை’. இரண்டு வெவ்வேறு எழுத்து ஒரே எழுத்தாகிவிட்டதால் எண்ணிப் பார்ப்பவர் குழம்பிப்போவார். சொல்லுக்குச் சொல் இடம் விடாமல், ஐந்தைந்து எழுத்தாகப் பிரித்து எழுதினால் முதலெழுத்துத் துப்பும் போய்விடும்.

இதில் எல்லோருக்கும் நேரும் பிழை ஒன்று. நடுவில் ஒரு மெய்யை விட்டு எண்ணிவிட்டால் அதன்பின் வருவதெல்லாம் குப்பை. அதைத் தவிர்க்க ஒவ்வொரு வரியிலும் புதிதாக 4-லிருந்து தொடங்குங்கள். பிழை வந்தாலும் அந்த வரியோடு போகும். கணினி வைத்திருப்பவர் இதையும் உடைத்துவிடுவார். பாங்க் பாஸ்வேர்டை இப்படி எழுதி வைக்காதீர்கள்.

பேச்சில் வேண்டுமென்றால் பிள்ளைகளின் ‘க’ பாஷை இருக்கவே இருக்கிறது. ‘நீ வா’ என்பது ‘கநீ கவா’. அதன் பலமே வேகம்தான். மெதுவாகச் சொன்னால் பாட்டிக்கும் புரிந்துவிடும்.

நோட்டில் எழுதிக் கிழித்த பிறகு அடுத்த பக்கத்தில் பென்சிலைத் தேய்த்தால் எழுத்து தெரியுமா?
– வாசகர், விருதுநகர்

தெரியும். ஆனால் அது தடத்தைக் கெடுக்கும் முறை, கோடும் முழுதாக வராது. இருட்டறையில் தாளை மேசையில் படுக்க வைத்து, டார்ச்சை மேசையோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். டார்ச்சை நாலு பக்கமும் நகர்த்தி ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ எடுங்கள். மேலிருந்து வரும் கோட்டுக்கு ஒரு வெளிச்சம், படுக்கைக் கோட்டுக்கு இன்னொரு வெளிச்சம் வேண்டியிருக்கும். ஆவணப் பரிசோதகர்களும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். உங்கள் எழுத்து அடுத்த பக்கத்தில் பதியக் கூடாதென்றால், எழுதுவதற்கு முன்பே தாளைத் தனியாகக் கிழித்து, கண்ணாடி அல்லது எவர்சில்வர் தட்டின் மேல் வைத்து எழுதுங்கள்.

ஹாஸ்டலில் என் டிரங்குப் பெட்டியை யாரோ திறக்கிறார்கள் என்று சந்தேகம். பூட்டின் மேல் தலைமுடி ஒட்டி வைத்தேன், அது தினமும் விழுந்துவிடுகிறது.
– மாணவி, திருச்சி

மின்விசிறிக் காற்றே அதைத் தள்ளிவிடும், எச்சில் காய்ந்தாலும் விழும். தினமும் பொய்யாக அலறும் காவலாளியால் பயனில்லை. முதலில் பூட்டைப் பாருங்கள். மூன்று எண் பூட்டு என்றால் மொத்தம் 1000 சேர்க்கை. ஒன்றுக்கு இரண்டு விநாடி என்றால் 33 நிமிடத்தில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிடலாம். நான்கு எண் பூட்டுக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். பூட்டியபின் ஒரே ஒரு வளையத்தை மட்டும் நகர்த்திவிட்டுப் போகும் பழக்கம் பலருக்கும் உண்டு. அப்படிச் செய்தால் அந்த 33 நிமிடமும் தேவையில்லை. எல்லா வளையத்தையும் கலைத்துவிடுங்கள்.

யாராவது தொட்டார்களா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பருப்பு முறை இருக்கிறது. கணினிப் பாதுகாப்புத் துறையினரும் கையாளும் முறை இது. ஒளி ஊடுருவும் மூடிபோட்ட டப்பாவில், பையில் போட்ட பென்டிரைவையோ பணத்தையோ வைத்து, துவரம்பருப்பு, பச்சைப்பயறு, காராமணி, ராஜ்மா நான்கையும் கலந்து விளிம்புவரை கொட்டுங்கள். மேலே மடித்த துணியை வைத்து அழுத்தி மூடுங்கள். நாலு பக்கமும் அடியிலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பச்சைப்பயறு எந்த ராஜ்மாவின் மேல் சாய்ந்திருந்தது என்பதை யாராலும் திரும்ப அடுக்க முடியாது. பின்னால் அதே கோணத்தில் போட்டோ எடுத்து, இரண்டையும் போனில் மாறி மாறித் தள்ளிப் பாருங்கள். மாறிய மணிகள் குதிப்பது போலத் தெரியும். டப்பாவுக்குள் இடம் இருந்தால் பெட்டியை நகர்த்தும்போதே பருப்பு புரண்டுவிடும். அதனால்தான் துணி வைத்து அழுத்த வேண்டும். போட்டோவோடு வார்டனிடம் போனால் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

வேலை முடிந்து வரும்போது ஒரு பைக் பின்னால் வருவதுபோல் இரண்டு நாளாகத் தோன்றுகிறது. உறுதிப்படுத்துவது எப்படி?
– ஐடி ஊழியர், கோயம்புத்தூர்

ஒரே திசையில் நான்கு முறை திரும்புங்கள். இடது, இடது, இடது, இடது என்று ஒரு தெருச் சதுரத்தைச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வருவீர்கள். காரணமில்லாமல் யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். அப்போதும் அதே வண்டி இருந்தால் சந்தேகம் வேண்டாம். நடந்து போகிறவர் என்றால் சாலையைக் கடந்து கடை ஒன்றில் ஐந்து நிமிடம் நில்லுங்கள், பிறகு வந்த திசையிலேயே திரும்புங்கள். இதெல்லாம் ஆள் நடமாட்டமுள்ள தெருவில் மட்டும்தான். அதன்பின் வீட்டுக்குப் போகாதீர்கள், வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, காவல் நிலையம் என்று வெளிச்சமுள்ள இடத்தில் நின்று 112-ஐ அழையுங்கள்.

நீங்கள் எந்த வழியில் போனாலும் அவர் முன்கூட்டியே அங்கே இருந்தால் வண்டியில் ஏதோ ஒட்டியிருக்கலாம். இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஏர்டேக் போன்ற கருவிகள் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சீட்டுக்கு அடியில், டூல் பெட்டியில், மட்கார்டின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள். ஐபோன் தானாகவே எச்சரிக்கும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் ‘சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி’ பகுதிக்குள் தெரியாத டிராக்கரைத் தேடும் வசதி இருக்கிறது. சிம் போட்ட ஜிபிஎஸ் கருவியை இது காட்டாது. அது பெரும்பாலும் பேட்டரி ஒயரோடு இணைந்திருக்கும், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கிடைத்ததைத் தூக்கி எறியாமல், இருந்த இடத்தோடு போட்டோ எடுத்துப் போலீஸில் கொடுங்கள்.

ஒரு முறை பார்த்ததை அப்படியே நினைவில் வைக்கப் பயிற்சி உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அதற்கு முன்னோடி இருக்கிறார். கோட்டாறு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைப்பது, செய்து காட்டினார். கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே, கொடுத்த அடிக்கு வெண்பா பாடிக்கொண்டே, முதுகில் எறியப்படும் கற்களையும் அடிக்கும் மணியையும் எண்ணி, கடைசியில் கணக்குச் சொல்வது அவதானக் கலை. அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கவனத்தின் ஒரு மூலையை எண்ணிக்கைக்கென்றே ஒதுக்கப் பழக வேண்டும். பேசிக்கொண்டே குக்கர் விசிலை எண்ணுங்கள். பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டே எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுங்கள்.

வீட்டில் ஒரு தாம்பாளத்தில் பன்னிரண்டு சாமான் வைத்து முப்பது விநாடி பார்த்து, மூடி, எழுதுங்கள். பிறகு வேறொருவர் ஒன்றை எடுத்துவிட, எது போனது என்று சொல்லுங்கள். இரண்டாவதுதான் கடினம்.

ஆளை நினைவில் வைக்கும்போது சட்டை நிறத்தைப் பிடிக்காதீர்கள், அதைக் கழற்றிவிடலாம். காதின் அமைப்பு, நடை, கதவு நிலையோடு ஒப்பிட்ட உயரம், காலில் போட்டிருக்கும் செருப்பு ஆகியவற்றைப் பாருங்கள். சட்டையை மாற்றுபவர்கள் செருப்பை மாற்ற மறப்பார்கள். வண்டி என்றால் கடைசி நான்கு எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பேப்பர் தேடுங்கள். ஒரு விபத்துக்குச் சாட்சியாக நேர்ந்தால், பக்கத்தில் நின்றவரோடு பேசுவதற்கு முன்பு எழுதிவிடுங்கள். பேசியபின் அவர் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் கலந்துவிடும், எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது.

கூரியர் பெட்டியில் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. குப்பையில் போடும்முன் ஸ்டிக்கர் உரிய மாட்டேன் என்கிறது.
– இல்லத்தரசி, சேலம்

உரிக்கவே வேண்டாம். பெரும்பாலான கூரியர் ஸ்டிக்கர்கள் வெப்பம் பட்டால் கறுக்கும் தாளில் அச்சிட்டவை. நகத்தால் வேகமாக ஒரு கீறு போடுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அந்த வகைதான். மேலே ஒரு துணி போட்டு, மிதமான சூட்டில் அயர்ன் பாக்ஸைப் பத்து விநாடி வைத்தால் ஸ்டிக்கர் முழுக்கக் கறுத்து முகவரி அதற்குள் மூழ்கிவிடும். மேலே பளபளப்பான பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டதைக் கத்திரியால் வெட்டிவிடுங்கள்.

கடை பில்லும் ஏடிஎம் சீட்டும் இதே தாள்தான். வாரண்டி பில்லை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரப்படுத்தினால் அந்தக் கவரே எழுத்தை வெளிறச் செய்துவிடும், சில மாதத்தில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, பில்லைச் சாதாரணக் காகித உறையில் போட்டு, அடுப்பு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.